அவர் ஏன் தார்மேல் ஏறினார்? சாலையோரம் நடந்தவர் அடிபட்ட ஒரு நிகழ்வின் ஆய்வு

காவல் நிலையத்தில் எழுதிய குறிப்பில் காரணம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. நடந்து சென்றவர் கவனிக்காமல் சாலைக்குள் வந்துவிட்டார், அவ்வளவுதான். அடிபட்டவர் என் சித்தப்பா. வயது 63. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவரும் அதையேதான் சொன்னார். "தப்பு என்னுதுதான்டா. நான் ஓரமாவே போயிருக்கணும்."

அவர் ஓரமாகத்தான் போனார். ஓரம் தீர்ந்துபோன இடத்தில் அடிபட்டார். அளவு நாடாவோடு அந்த இடத்துக்குப் போன பிறகுதான் எனக்கே இது புரிந்தது. சாலை அளவை எடுப்பதுதான் என் பிழைப்பு. ஊர் பேர் தெரியாத எத்தனையோ சாலைகளை அளந்து வரைபடம் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் அடிபட்ட இடத்தை, அவர் வைத்த ஒவ்வோர் எட்டையும் நினைத்துக்கொண்டு அளந்தது இதுவே முதல் தடவை. "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது. அவர் ஏன் தார்மேல் ஏறினார் என்று கேட்டால்தான் அது தொடங்கும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது

இருவழிச் சாலை. நடுவில் தடுப்பு இல்லை, தெருவிளக்கு இல்லை, நடைபாதையும் இல்லை. வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் சாலை. (வலப்பக்கம் ஓடும் நாடுகளில் இருப்பவர்கள் இனி வரும் இடம், வலம் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.) தார்ப்பரப்பு 7 மீட்டர் அகலம். இரு பக்கமும் மண் ஓரம்.

சித்தப்பாவுக்கு மாலை நடை பல வருடப் பழக்கம். அன்று கிளம்பும்போதே கொஞ்சம் தாமதம். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. மணி ஏழைத் தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். கருநீலச் சட்டை, சாம்பல் நிறக் காற்சட்டை. காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை, கையில் போனும் இல்லை. இடப்பக்க மண் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார். அதாவது, அவர் பக்கத்து வாகனங்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தன.

வழியில் ஒரு சிறுபாலம் குறுக்கிடுகிறது. மழைநீர் போக சாலைக்கு அடியில் குழாய் போட்டு, இரு பக்கமும் இடுப்பளவுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியிருப்பார்களே, அந்த மாதிரி. அங்கே வந்ததும் சித்தப்பா தார்மேல் ஏறினார். எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு கார். லாரியைத்தான் அவர் பார்த்தார். கார் வரும் சத்தம் லாரியின் இரைச்சலில் கேட்கவில்லை.

காரின் இடது முனை வலது காலில் மோதியது, பக்கக் கண்ணாடி தோளில் அடித்தது. பாலத்துக்கு அப்பால் இருந்த மண்ணில் போய் விழுந்தார். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. தோள்பட்டை எலும்பு, இரண்டு விலா. தலையில் பெரிய அடி இல்லை.

காரை ஓட்டியவர் 26 வயதுப் பையன். ஓடவில்லை. காரைப் பின்னால் எடுத்துவந்து குறுக்கே நிறுத்தி, நான்கு பக்கமும் விளக்கு மினுக்க விட்டு, அடுத்த வண்டி அவர்மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டான். ஆட்களை அவரைத் தூக்க விடவில்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை அசையாமல் பிடித்துக்கொண்டான். சித்தப்பா இன்று நடக்கிறார் என்றால் அதில் அவனுக்கும் பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடித்திருக்கவில்லை, வேக வரம்பையும் தாண்டவில்லை. இந்த நிகழ்வில் திட்டுவதற்கென்று ஓர் ஆள் கிடைக்கவில்லை. என்னை உறுத்தியது அதுதான். எல்லோரும் சாதாரணமாக, தினமும் நடந்துகொள்வது போலவே நடந்துகொண்டார்கள். அப்படியிருந்தும் ஒருவர் எலும்பு முறிந்து விழுந்தார்.

அந்த 6 மீட்டர்

விபத்து நடந்து நான்காம் நாள் காலையில் போனேன். பாலத்துக்கு முன்பு இடப்பக்க மண் ஓரம் 1.3 மீட்டர் அகலம். ஒருவர் தாராளமாக நடக்கலாம். பாலம் தொடங்கும் இடத்தில் கைப்பிடிச் சுவருக்கும் தாரின் விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்தேன். 22 சென்டிமீட்டர். என் செருப்பை அதில் நேராக வைக்கலாம், அடுத்த செருப்பை அதன் முன்னால் வைக்கலாம். கயிற்றில் நடப்பவர் போல் நடந்தால் ஒழிய அங்கே மனிதர் நடக்க முடியாது. தோளும் கையசைவும் சேர்த்து ஒரு மனிதருக்கு 60, 70 சென்டிமீட்டராவது வேண்டும். பாலத்தின் நீளம் 6 மீட்டர். அந்த 6 மீட்டருக்கு நடப்பவருக்கான இடம் சாலையில் எங்குமே இல்லை. வலப்பக்கமும் இதே கதைதான்.

இன்னொன்றையும் அளந்தேன். தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் உள்ள உயர வித்தியாசம். 14 சென்டிமீட்டர், ஒரு படிக்கட்டு அளவு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு முறையும் புதுத் தார் போட்டால் சாலை உயர்ந்துகொண்டே போகும், மண் ஓரம் அப்படியே கிடக்கும். விளிம்பை உற்றுப் பார்த்தால் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன. அடியில் வெளிறிய சாம்பல் அடுக்கு, அதன்மேல் பெரிய ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே இன்னும் கறுப்பு மாறாத ஒன்று. இருட்டில் அந்தப் படியில் ஏறுபவர் கண்ணைக் கீழே, காலடியில்தான் வைத்திருப்பார். பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். சித்தப்பாவைக் கேட்டேன். "ஏறும்போது கால் இடறிடக் கூடாதேன்னு குனிஞ்சு பாத்தேன்" என்றார்.

ஆக, பின்னால் பார்க்க வேண்டிய அதே நொடியில் கீழே பார்க்க வேண்டிய கட்டாயம். இது அவருடைய குணம் சம்பந்தப்பட்டது அல்ல. அந்த இடம் அப்படி அமைந்திருக்கிறது. அங்கே யார் நடந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஓட்டியவர் கண்ணில் என்ன பட்டது

அந்தப் பையன் மூன்றாம் நாள் மருத்துவமனைக்கு வந்திருந்தான். சித்தப்பாவின் கால்மாட்டில் நின்றுகொண்டு பேசினான். "லாரி வெளிச்சம் கண்ணுல அடிச்சுது ஐயா. நான் இடது பக்க ஓரக் கோட்டைப் பாத்து ஓட்டிட்டு இருந்தேன். திடீர்னு ரெண்டு காலு தெரிஞ்சுது. ஆளே தெரியல, காலுதான் தெரிஞ்சுது."

பொய் சொல்கிறான் என்று சித்தப்பாவின் மகன் கோபப்பட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் சொன்ன ஒவ்வொன்றும் விளக்கின் அமைப்போடு பொருந்துகிறது. எதிரே வண்டி வரும்போது போடுகிற டிம் வெளிச்சம், எதிரில் வருபவர் கண்ணில் அடிக்காதபடி ஓர் உயரத்துக்கு மேல் வெட்டப்பட்டிருக்கும். தூரத்தில் நிற்பவரின் உடம்பில் அது முதலில் தொடுவது பாதத்தையும் கணுக்காலையும்தான். கிட்டே வர வர வெளிச்சம் மேலே ஏறும். முகம் தெரிகிற நேரத்தில் காலம் கடந்துவிட்டிருக்கும்.

எதிர் வெளிச்சத்தைத் தவிர்க்க இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டச் சொல்லித்தான் ஓட்டுநர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் லாரி நெருங்கும்போது அவர்கள் வண்டியும் தானாகவே கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கும். நடப்பவர் இருப்பதும் அங்கேதான். லாரி, கார், மனிதர் மூன்றும் ஒரே கோட்டில் சேரும் அந்த நொடி, நடப்பவருக்கு மிக மோசமான நொடி. அது 6 மீட்டர் பாலத்தின் மேல் வாய்த்தது.

சித்தப்பா மனத்தில் வேறொரு படம் இருந்தது. "அவ்வளவு வெளிச்சத்துல என்னைத் தெரியலைன்னு எப்படிடா சொல்றான்?" என்று பல முறை கேட்டார். இது அவருடைய தனிப்பட்ட தவறு இல்லை, நம் எல்லோருக்கும் உள்ள மயக்கம். ஹெட்லைட் நமக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தெரிகிறது. அதனால் அவர்களுக்கும் நாம் தெரிவோம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. 1970இலேயே அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இருட்டில் நிற்பவர் தன்னை ஓட்டுநருக்குத் தெரியும் என்று நினைக்கிற தூரம், உண்மையில் தெரிகிற தூரத்தைவிட வெகு அதிகமாக இருந்தது.

அதை நானும் கண்ணால் பார்க்க விரும்பினேன். சித்தப்பாவின் மகனுக்கு அதே மாதிரிக் கருநீலச் சட்டை போட்டு, வண்டி வராத ஒரு நேர்ச் சாலையில் இரவு நிற்க வைத்தேன். 20 மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு. நான் காரில், டிம் விளக்கில். 100 மீட்டரில் அவன் இல்லவே இல்லை. 80இலும் இல்லை. 60இல் ஏதோ ஒன்று தரையில் வெளிறியது, அவன் காலணியின் அடிப்பகுதி. 40இல் இரண்டு கால்கள். அந்தப் பையன் சொன்ன அதே கால்கள். தம்பி ஒன்றும் பேசாமல் வந்து காரில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்தப் பையனைப் பற்றி அவன் கோபமாகப் பேசிக் கேட்டதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவன் அங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும், அவனைத் தேடிக்கொண்டே இருந்தேன். ஓட்டுநருக்குத் தெரியாது. ரோப்பர், ஹோவர்ட் என்ற இருவர் 1938இல் செய்த பழைய சோதனை ஒன்று உண்டு. எதிர்பார்த்து இருப்பவர் கண்டுபிடிக்கிற தூரத்தில் ஏறக்குறைய பாதியில்தான் எதிர்பாராதவர் கண்டுபிடிக்கிறார் என்று அதில் தெரிந்தது. ஆக, என் கண்ணுக்குத் தெரிந்த தூரத்தை அந்தப் பையனின் கண்ணுக்குக் கொடுக்கக் கூடாது.

கணக்கு

மோதிய இடத்துக்கு முன்னால் பிரேக் தடம் மங்கலாக இருந்தது, சுமார் 10 மீட்டர். அவன் சொன்ன வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 16.7 மீட்டர். ஒன்றைக் கண்டு, என்னவென்று புரிந்து, காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் இது தாராளமான கணக்கு அல்ல. அந்த ஒன்றரை நொடியில் கார் 25 மீட்டர் போய்விடும். அதோடு பிரேக் பிடித்த 10 மீட்டரையும் கூட்டினால், சித்தப்பா அவன் கண்ணில் பட்டது ஏறக்குறைய 35 மீட்டர் தூரத்தில் என்று வருகிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் உலர்ந்த நல்ல தாரில் பிரேக் பிடித்து முழுதாக நிற்க, அந்த 25 மீட்டருக்கு மேல் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45. அவனுக்குக் கிடைத்தது 35. பத்து மீட்டர் போதவில்லை.

இதே கணக்கை 50இல் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை நொடியில் 21 மீட்டர், பிரேக்கில் 14 மீட்டர். மொத்தம் 35! சித்தப்பாவைத் தொட்டும் தொடாமலும் கார் நின்றிருக்கும். 40இல் வந்திருந்தால் 26 மீட்டரிலேயே நின்றிருக்கும். அவர் திரும்பிப் பார்த்துத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். காகிதத்தில் இந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். மணிக்குப் பத்து கிலோமீட்டர். அன்றைய அந்த ஓட்டத்தில் அது அந்தப் பையனுக்கு ஓரிரு நிமிடம் கூட மிச்சப்படுத்தியிருக்காது.

மோதும்போது காரின் வேகம் 40க்குச் சற்று மேலே இருந்திருக்கும், என் கணக்கில் 42 அல்லது 43. அமெரிக்காவின் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக பிரையன் டெஃப்ட் 2011இல் செய்த ஆய்வு இந்த இடத்தில் பயன்படும். கார் மோதி நடப்பவர் இறக்கும் வாய்ப்பு 37 கிலோமீட்டர் வேகத்தில் சராசரியாக 10 விழுக்காடு, 51இல் 25, 68இல் 50, 80இல் 75. வயதானவருக்கு இதைவிட மோசம். கடுமையாக அடிபடுவதையும் இறப்பதையும் சேர்த்துப் பார்த்தால், 40இல் அடிபடும் 70 வயதுக்காரரும் 56இல் அடிபடும் 30 வயதுக்காரரும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அந்த 10 மீட்டர் பிரேக் மட்டும் இல்லாமல் 60இலேயே மோதியிருந்தால் நான் இதை எழுதும் விதமே வேறாக இருந்திருக்கும்.

எதிரே பார்த்து நடந்திருந்தால்

சித்தப்பாவின் பக்கத்தில் மாற்றியிருக்கக் கூடியது எது என்று பார்க்கும்போது முதலில் வருவது இதுதான். நடைபாதை இல்லாத சாலையில் வரும் வண்டிகளுக்கு முகம் காட்டி நட என்பது பழைய விதி. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது, பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலில் இரண்டாவது விதியே இதுதான். வெறும் வழக்கமாகச் சொல்லி வைத்தது அல்ல. பின்லாந்தில் லூமா, பெல்தோலா என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வண்டிகளுக்கு முதுகு காட்டி நடப்பதோடு ஒப்பிட்டால் முகம் காட்டி நடக்கும்போது காயமோ சாவோ ஏற்படும் விபத்துகள் சராசரியாக 77 விழுக்காடு குறைவு என்று வந்தது. ஒரு காசு செலவில்லாத மாற்றத்துக்கு இவ்வளவு பலன் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் சித்தப்பா ஏன் இடப்பக்கம் நடந்தார்? வீடு இடப்பக்கம். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று சாலையைக் கடக்க வேண்டாமே என்று நினைத்தார். அதுவும் ஒரு பாதுகாப்புக் கணக்குதான். அப்புறம், வலப்பக்க மண் ஓரத்தில் முட்செடி தார்வரை வளர்ந்து கிடந்தது. அளந்தபோது 40 சென்டிமீட்டர்கூட வெறும் தரை இல்லை. விதி வலப்பக்கம் போகச் சொல்கிறது, வலப்பக்கம் நடக்க விடவில்லை. ஆபத்து இருந்தால் மறுபக்கம் நடக்கலாம் என்று வியன்னா ஒப்பந்தமே இடம் கொடுக்கிறது. எனவே அவர் தேர்வை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு தேர்வு கார் வருவதை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்பதும் உண்மை. வலப்பக்கம் நடந்திருந்தால் அவருக்கு அருகே வந்திருக்கக் கூடியது லாரி. அதை அவர் பாலத்துக்கு முன்பே பார்த்து, சுவர் ஓரம் நின்று, போக விட்டிருப்பார்.

முகம் காட்டி நடப்பவருக்கும் இரண்டு இடங்களில் விதி கைகொடுக்காது. ஒன்று, வலப்பக்கம் திரும்பும் கூர்மையான வளைவு. வளைவின் உள்பக்க ஓரத்தில் நீங்கள் இருப்பீர்கள், எதிரே வருபவருக்குக் கடைசி நொடிவரை தெரிய மாட்டீர்கள். வளைவுக்கு வெகு முன்பே மறுபக்கம் போய்விட்டு, தாண்டியதும் திரும்பி வருவது நல்லது என்று பிரிட்டன் விதிநூல் சொல்கிறது. மற்றது யாரும் அதிகம் பேசாதது. உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும் ஒரு வண்டி, முன்னால் போகும் வண்டியை முந்தும்போது உங்கள் பக்கத்துத் தடத்துக்குள் வந்துவிடும். எதிரே காலியாக இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் அவர் முந்துவார், அவருக்கும் எதிரே காலியாக இருப்பதால். எதிர்த் தடம் காலியாக இருக்கும்போதுதான் காதைப் பின்னால் வைக்க வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பவருக்கு இது முடியாது.

கூட்டமாக வரிசையில் போகிறவர்களுக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கும் வேறு விதி உண்டு, அவர்கள் வண்டிகள் போகும் பக்கமே போக வேண்டும். அதை இங்கே விரிக்கவில்லை.

கணுக்காலில் ஒரு பட்டை

தம்பியை நிறுத்திச் சோதித்த அன்று கையோடு ஒரு ரிஃப்ளெக்டர் பட்டையும் எடுத்துப் போயிருந்தேன். இரண்டு விரல் அகலம், ஒட்டிக்கொள்ளும் பட்டை. முதலில் அதைத் தோளில் குறுக்காக மாட்டி 100 மீட்டரில் நிற்கச் சொன்னேன். பளிச்சென்று தெரிந்தது. ஆனால் என்னவென்று தெரியவில்லை. சாலையோரக் கல்லாக இருக்கலாம், கம்பத்தில் ஒட்டிய தகடாக இருக்கலாம். அடுத்து அதை இரண்டாக வெட்டி இரு கணுக்காலிலும் கட்டி நடக்கச் சொன்னேன். இரண்டு ஒளிப்பொட்டுகள், ஒன்று மேலே போக ஒன்று கீழே, மாறி மாறி. நொடிகூட ஆகவில்லை, மனிதர் நடக்கிறார் என்று புரிந்துவிட்டது. முகம் இல்லை, உடம்பு இல்லை, நடை மட்டும் தெரிந்தது.

இதற்கும் பின்னணி இருக்கிறது. ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973இல், இருட்டில் மூட்டுகளில் மட்டும் ஒளிப்பொட்டுகளை வைத்து ஆட்களை நடக்க விட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் உடனே மனித நடை என்று சொல்லிவிட்டார்கள். பிற்பாடு ஜோன் வுட், ரிச்சர்ட் டைரல் போன்றவர்கள் இதை இரவுச் சாலையில் சோதித்தார்கள். மார்பில் அணியும் பட்டைச் சட்டையைவிட, கை கால் மூட்டுகளில் கட்டிய பட்டைகள் வெகு தூரத்திலிருந்தே ஓட்டுநருக்கு மனிதரைக் காட்டிக்கொடுத்தன.

வெள்ளைச் சட்டை போதாதா என்று சித்தி கேட்டார். கருநீலத்துக்கு எவ்வளவோ மேல். ஆனால் வெள்ளைத் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கிறது, ஓட்டுநருக்குத் திரும்பிப் போவது துளிதான். ரிஃப்ளெக்டரில் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. விளக்குக்குச் சற்று மேலே ஓட்டுநரின் கண் இருப்பதால் அது நேராக அங்கே போய்ச் சேர்கிறது. இன்னொன்று, பகலில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள், பச்சை உடைகள் இரவில் அதே வேலையைச் செய்யாது. அவை சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கி ஒளிர்பவை.

பின்லாந்தில் இருட்டில் நடப்பவர் ரிஃப்ளெக்டர் அணிய வேண்டும் என்று சாலைச் சட்டமே சொல்கிறது. நடப்பவர் தொங்கவிட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரும் அங்கே பிறந்ததுதான். பெர்த்தெலி என்ற ஊரின் ஆர்வி லெஹ்தி செய்தது. 1973இல் கலெர்வோ சுவோமெலா அதைப் பனித்துகள் வடிவத்தில் வடிவமைத்தார், குழந்தைகள் விரும்பி மாட்டிக்கொண்டார்கள். டிம் விளக்கில் ரிஃப்ளெக்டர் இல்லாதவர் 50 மீட்டரில் தெரிந்தால், அணிந்தவர் 150 மீட்டரில் தெரிவார் என்பது அந்த நாட்டில் சொல்லும் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 150 மீட்டர் என்றால் ஒன்பது நொடி. அந்தப் பையனுக்குக் கிடைத்தது இரண்டு.

சாலையின் பங்கு

உலகில் 2021ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 11.9 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் 23 விழுக்காட்டினர் நடந்து போனவர்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் பட்டை கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல என்னால் முடியாது. நான் சாலை அளப்பவன். 22 சென்டிமீட்டரை எந்தப் பட்டையும் அகலமாக்காது.

அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் தரும் எண்கள் இவை. சாலையோரம் நடப்பவர்மேல் வண்டி மோதும் விபத்துகள் நடைபாதை போட்டால் 65 முதல் 89 விழுக்காடு குறைகின்றன. நடைபாதைக்கு வழியில்லாத இடத்தில், ஓரத்தைத் தார் அல்லது கான்கிரீட் போட்டு நடக்கத் தக்கதாக்கினாலே 71 விழுக்காடு குறைகிறது. முழு நடைபாதைக்குப் பணம் இல்லை என்று கைவிரிப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணையாவது பார்க்க வேண்டும். சிறுபாலங்கள் வரும் இடத்தில்தான் ஓரம் மொத்தமாகக் காணாமல் போகிறது. ஆனால் சாலையை அகலப்படுத்தும்போது குழாயை நீட்டாமல் பழைய சுவரை அப்படியே விட்டுவிடுவது வழக்கமாகிப்போனது. கிலோமீட்டர் கணக்கில் ஓரம் இருந்து பயனில்லை. 6 மீட்டர் இல்லாவிட்டால், அந்த 6 மீட்டரில் எல்லோரும் தார்மேல் ஏறியே ஆக வேண்டும்.

அளவுகளையும் படங்களையும் வரைபடத்தோடு சேர்த்து மனுவாகக் கொடுத்தோம். "ஆள் கவனமில்லாம வந்தா நாங்க என்ன பண்றது?" என்றுதான் முதல் பதில் வந்தது. 22 சென்டிமீட்டரில் நாடா வைத்த படத்தை மேசைமேல் வைத்தேன். அப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை. ஐந்து மாதம் கழித்து முட்செடியை வெட்டினார்கள், தாரின் விளிம்போடு சமமாகக் கிராவல் கொட்டி அழுத்தினார்கள், கைப்பிடிச் சுவரின் முனைகளில் ரிஃப்ளெக்டர் தகடு பதித்தார்கள். பாலம் அகலமாகவில்லை. மதிப்பீட்டில் இருக்கிறது என்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஏழு நொடி

சித்தப்பா எட்டாவது மாதம் மறுபடி நடக்கத் தொடங்கினார். கையில் ஊன்றுகோல். வலப்பக்கம் நடக்கிறார், முட்செடி இல்லை. இரண்டு கணுக்காலிலும் பட்டை. கிளம்பும் நேரத்தை முன்னால் இழுத்துக்கொண்டார், பெரும்பாலும் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுவார்.

பாலத்தில் மட்டும் என்ன செய்வது என்று இருவரும் ஒரு நாள் நின்று கணக்குப் போட்டோம். ஊன்றுகோலோடு அவர் அந்த 6 மீட்டரைக் கடக்க ஏழு நொடி ஆகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்தோம். ஏழு நொடியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 117 மீட்டர் வந்துவிடும். பாலத்திலிருந்து 120 மீட்டர் எதுவரை என்று நாடா பிடித்து அளந்தேன். ஒரு பக்கம் வெள்ளையடித்த ஒரு கல்லும் மறுபக்கம் இரட்டைப் பனையும் அந்தத் தூரத்தில் வந்தன. அந்த அடையாளங்களுக்கு உள்ளே எந்தப் பக்கமும் வண்டி வெளிச்சம் இல்லை என்றால்தான் தார்மேல் ஏற வேண்டும் என்று முடிவு செய்தோம். அப்படி ஓர் இடைவெளிக்குச் சில நாள் இரண்டு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் அவரோடு நடந்து போனேன். பாலத்துக்கு இரண்டு அடி முன்னால் நின்றார். கல்லைப் பார்த்தார். உடம்பை முழுக்கத் திருப்பிப் பனையைப் பார்த்தார். ஒரு கார் போனது, ஒரு பைக் போனது. இன்னொரு முறை இரண்டு பக்கமும் பார்த்தார். "இப்ப வாடா" என்றார்.